காணாக் குரலின் கடமை

ஊர்ப் பெயர்கள் சில, இடத்தைச் சுட்டும் பொருளை இழந்து ஏளனச் சொற்களாக மாறிவிடுவதுண்டு. சென்னையில் ஒருவரைப் பார்த்து, 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்' என்றால் அதன் பொருள் என்னவென்று தமிழர் அனைவரும் அறிவர். கல்வி நாடியும் வேலை தேடியும் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர், ஆங்காங்கே இதே ஏளனத்தை வேறு வேறு பெயர்களில் கேட்டிருப்பர். ஹைதராபாத்தில் அது எர்ரகட்டா, கோழிக்கோட்டில் குதிரவட்டம், மும்பையில் தாணே, இந்தி வழங்கும் ஊர்களில் ஆக்ராவும் ராஞ்சியும். பெயர்கள் வேறாயினும் அவற்றின் பின்னே நிற்பது ஒன்றே. மனம் நோயுற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்த பெருஞ்சுவர் அது.

அச்சுவரின் நிழல் இன்றும் முற்றும் நீங்கவில்லை. காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். கால் முறிந்தால் அலுவலகத்துக்கு அறிவிக்கிறோம். ஆனால் பல வாரங்களாக உறக்கமில்லை, எதிலும் பற்றில்லை, காரணமின்றி அச்சம் தோன்றுகிறது என்றால், உடன் உறைபவரிடம் சொல்வதற்கும் தயங்குகிறோம். சொந்த ஊரை விட்டு வந்தவர்க்கு இத்தயக்கம் இருமடங்கு. தாய்மொழியில் கேட்பார் அருகில் இல்லை. ஊருக்கு எழுதினால் பெற்றோர் கலங்குவர். வேலை கொடுத்தவர்க்குத் தெரிந்தால் பிழைப்புப் போய்விடுமோ என்னும் ஐயம் வேறு. ஆகவே நள்ளிரவில், விளக்கணைந்த அறையில், கைபேசியின் சிறு ஒளியில் தம் துயரத்துக்கு விடை தேடுவோர் பலர். அங்கே அவர்க்குக் கிடைக்கும் சொல் மருந்தாகவும் கூடும், நஞ்சாகவும் கூடும்.

முகம் காணாத ஒருவருக்குத் தொலைவிலிருந்து ஆறுதலும் அறிவுரையும் வழங்கும் முறை எவ்வாறு தோன்றிற்று? அதனை மேற்கொள்வோர்க்குரிய கடமைகள் எவை? அக்கடமைகளை உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது? இவற்றை வரலாற்று முறையில் காண்பதே நம் நோக்கம்.

திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி புரிபவர் என்பன அந்நான்கு. இப்பாகுபாட்டை ஓர் அளவுகோலாகக் கொண்டு நோக்கினால், மனநல மருத்துவத்தின் வரலாறு நன்கு விளங்கும். எந்தக் காலத்தில் இந்நான்கில் எது விடுபட்டதோ, அந்தக் காலத்தில் நோயாளர் துன்புற்றனர்.

சுவரின் காலம்

1794-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகிய வாலண்டைன் கொனோலி என்பார், மனநோயாளர்க்கென்று சென்னையில் ஓர் இல்லத்தை அமைத்தார். அதில் இடம் பெற்றவர் பதினாறு பேர். 1858-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் உரிய சட்டமொன்று இயற்றப்பட்டது. 1871-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மேலும் உறுதிப்படுத்திற்று. இச்சட்டங்களின் முதற்கவலை நோய் தீர்வதன்று, ஊரின் பாதுகாப்பேயாம். நீதிபதியின் ஆணை பெற்றே ஒருவரை உள்ளே சேர்ப்பது வழக்கமாயிற்று. குற்றம் செய்யாதவர் குற்றவாளியைப் போன்றே வாயிலைக் கடந்தார். அவர் உற்றார் வெளியே நின்றனர்.

மாறுதலை விரும்பிய அறிஞரும் அந்நாளில் இல்லாமலில்லை. 1920-களில் 'காப்பகம்' என்ற பெயர் 'மருத்துவமனை' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியதனால் சுவர் தாழ்ந்துவிடவில்லை. எனினும் உள்ளே இருப்பவர் கைதியல்லர், நோயாளரே என்னும் எண்ணம் சட்டப் புத்தகத்துள் புகுந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்னும் அறிஞர், 1922-ஆம் ஆண்டில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். 1933-ஆம் ஆண்டில், அந்நாளில் கார்மைக்கேல் கல்லூரி என வழங்கிய மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவமனையில், மனநோய்க்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மக்கள் வந்து போகும் அதே வாயிலில் மன வருத்தத்துக்கும் வந்து போகலாம் என்பது, இன்று எளியதாகத் தோன்றினும் அன்று பெரும் புதுமை.

விடுதலைக்குச் சற்று முன்னர், 1946-ஆம் ஆண்டில், போர் குழுவினர் நாட்டின் உடல்நல நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். சற்றேறக்குறைய நாற்பது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில், மனநோயாளர்க்கென இருந்த படுக்கைகள் பத்தாயிரத்தை ஒட்டியே இருந்தன. எத்தனை மருத்துவமனை கட்டினாலும் அனைவர்க்கும் இடம் போதாது என்பது இக்கணக்கால் தெளிவாயிற்று. மருத்துவர்களைப் பயிற்றுவிக்க ஒரு நிலையம் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்று, 1954-ஆம் ஆண்டில் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றிற்று. பின்னர், 1974-ஆம் ஆண்டில், அதுவே விரிவுபெற்று நிம்ஹான்ஸ் என்று வழங்கலாயிற்று.

உற்றார் உள்ளே வந்தனர்

நான்காம் கூறாகிய 'அருகிலிருப்பவர்' மீண்டும் இடம்பெற்றது 1950-களில். பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யா சாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் குடும்பத்தாரைத் திருப்பி அனுப்பாமல், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து அவர்களையும் தங்கச் செய்தார். உணவூட்டுவதும் பேச்சுத் துணையாவதும் உற்றார் பணியாயின. நோயின் இயல்பை அவர்கள் கண்ணாரக் கண்டு கற்றனர். வீடு திரும்பிய பின் நோயாளரைப் பேணவும் அறிந்தனர். தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் அமைந்த மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்க வைக்கும் முறையைக் கைக்கொண்டது. இவ்விரண்டு இடங்களிலும் நடந்தவற்றை உலக மருத்துவர்கள் வியந்து நோக்கினர். இதே ஆண்டுகளில், 1952 முதல், மனநோய்க்குப் பயன் தரும் புதிய மருந்துகளும் வழக்கத்துக்கு வந்தன. சுவருக்கு வெளியே நோயாளர் வாழலாம் என்னும் நம்பிக்கைக்கு மருந்தும் உறவும் இரு கால்களாயின.

கீழ்ப்பாக்கத்திலும் காற்று மாறிற்று. மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்று, பெங்களூரில் மனநலப் பயிற்சி பெற்ற சாரதா மேனன், 1961-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே. நோய் தணிந்தவர்க்குத் தொழில் கற்பித்து மீண்டும் சமுதாயத்தில் வாழச் செய்வதில் அவர் கருத்தூன்றினார். ஓய்வு பெற்ற பின், 1984-ஆம் ஆண்டில், 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தோன்றவும் காரணமாயிருந்தார். 2021-ஆம் ஆண்டில் காலமாகும் வரை அவர் பணி நிற்கவில்லை.

எனினும் நன்மைகள் எங்கும் ஒருங்கே பரவவில்லை. 1987-ஆம் ஆண்டில் புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எட்டாண்டு கழித்து, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகமொன்றில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாது 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்கள் பெரும்பாலும் அன்புடைய உறவினரே. நோய் இன்னது என்றும், அதற்கு மருத்துவம் எங்கே கிடைக்கும் என்றும் அவர்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. செய்தி சென்று சேராமையும் உயிரைக் கொல்லும் என்பதற்கு ஏர்வாடி சான்றாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரித்து, நாடெங்கும் இத்தகைய இடங்களைக் கண்காணிக்கப் பணித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் நோயாளரைச் சங்கிலியிடலாகாது என வெளிப்படையாகவே தடுத்துள்ளது.

மணி ஒலித்த அறை

தொலைவிலிருந்து ஆறுதல் கூறும் முறைக்கு வித்திட்டது இலண்டன் மாநகர். சாட் வாரா என்னும் பாதிரியார், 1953 நவம்பரில், தம் கோவிலிலிருந்த தொலைபேசியின் எண்ணை வெளியிட்டு, வாழ்வில் வெறுப்புற்றோர் தம்மை அழைக்கலாம் என அறிவித்தார். அழைப்போரும் நேரில் வருவோரும் பெருகினர். அவரைக் காணக் காத்திருந்தவர்க்குத் தேநீர் கொடுத்து உபசரிக்கத் தன்னார்வலர் சிலர் வந்தனர். நாளடைவில் பாதிரியார் ஒன்று கண்டார். தன்னார்வலரிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலர், அவர் அறிவுரையை வேண்டாமலே ஆறுதல் பெற்றுத் திரும்பினர். 1954-ஆம் ஆண்டில் அவர் தொலைபேசியைத் தன்னார்வலர் கையிலேயே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்கள்' என்னும் அவ்வமைப்பின் வழி, குறுக்கிடாது கேட்பதே முதல் உதவி என்னும் உண்மை உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில், 1976-ஆம் ஆண்டில் டில்லியில் 'சஞ்சீவினி' தோன்றிற்று. 1986-ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் முதலியோர் முயற்சியால் சென்னையில் 'சிநேகா' தொடங்கப்பட்டது. மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், 2012-ஆம் ஆண்டில் 'ஐகால்' என்னும் பெயரில், பயிற்சி பெற்ற ஆலோசகரைக் கொண்டு தொலைபேசி வழியும் மின்னஞ்சல் வழியும் உதவலாயிற்று. இத்தகைய பணியில் சில நெறிகள் பொதுவாக வேரூன்றின. கேட்டதை வெளியிடலாகாது, அழைத்தவரை இகழவோ தீர்ப்புரைக்கவோ கூடாது, சமயத்தையோ கட்சியையோ அவர்மேல் திணித்தலாகாது, தன்னார்வலர் மருந்து கூறலாகாது, தம்மால் இயலாததை மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். தொலைக்குரல் தன் எல்லையை அறிந்து நின்றபோதே அதற்கு நம்பிக்கை பிறந்தது.

அழைப்பவர்க்குச் சட்டத்தின் அச்சமும் ஒரு தடையாயிருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் பிரிவு, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவாக இருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அத்தகையவர் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவர் என்றே கொள்ளல் வேண்டும். அவரை விசாரித்துத் தண்டித்தலாகாது. அவர்க்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 309-ஆம் பிரிவுக்கு நிகரான பொதுப் பிரிவு இடம்பெறவில்லை. உதவி நாடுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

சொல் செய்யும் நன்மையும் தீமையும்

செய்தி வழங்குவோர்க்கும் பொறுப்பு உண்டு என்பதை நம் அரசினர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1954-ஆம் ஆண்டில், மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சில நோய்களைத் தீர்ப்பதாகக் கூறி விளம்பரம் செய்வதை அது குற்றமாக்கிற்று. அந்நோய்களின் பட்டியலில் வலிப்பும் சித்தப்பிரமையும் நரம்புத் தளர்ச்சியும் உள்ளன. இரயில் வண்டிச் சுவரிலும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையிலும் அன்று கண்ட விளம்பரங்களை இன்று கைபேசித் திரையில் காண்கிறோம். இடம் மாறினும் ஏமாற்றின் மொழி மாறவில்லை. 'ஏழு நாளில் முற்றிலும் குணம்' என்பதே அதன் மாறாப் பல்லவி.

ஏமாற்றும் எண்ணமின்றிச் சொன்ன சொல்லும் தீங்கு செய்யக்கூடும் என்பதை ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னா காட்டிற்று. அந்நகரின் சுரங்க இரயில் பாதையில் நிகழ்ந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில், நாடகம்போல் வருணித்து வெளியிட்டு வந்தன. 1987-ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர்கள் சில விதிகளை வகுத்துப் பத்திரிகையாளரை வேண்டிக்கொண்டனர். பத்திரிகைகள் அதற்கு இசைந்து எழுத்து முறையை மாற்றிக்கொண்டன. அதன்பின் அப்பாதையில் அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. மற்றொரு பக்கமும் உண்டு. நெருக்கடியைத் தாங்கி மீண்டவரின் செய்தியைப் படிப்பது காக்கும் ஆற்றல் உடையது என, 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரிய ஆராய்ச்சியொன்று காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஊடகத்தார்க்கு வழிகாட்டி வெளியிட்டது. இந்தியப் பத்திரிகைக் கழகமும் 2019-ஆம் ஆண்டில் அத்தகைய நெறிகளை ஏற்றது. முறையை விவரித்தலாகாது, பரபரப்பாக்கலாகாது, உதவி கிடைக்கும் இடத்தைக் கூறுதல் வேண்டும் என்பன அவற்றின் சாரம். இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓரளவு பத்திரிகையாசிரியரே ஆதலின், இந்நெறிகள் நம் அனைவர்க்கும் உரியன.

இயந்திரமும் மனிதரும்

1966-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணிப்பொறி நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். நாம் தட்டச்சிடும் வாக்கியத்தையே சிறிது மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. மனநல ஆலோசகர் பேசுவதுபோல் அது தோன்றும். அதற்கு எதுவும் விளங்காது என்பதை அதனை ஆக்கியவர் நன்கறிவார். ஆயினும், அது உருவாகி வந்ததை உடனிருந்து கண்ட அவர் செயலாளரே, அதனுடன் சற்று உரையாடியதும், தனிமையில் பேச வேண்டும் எனக் கூறி அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். மனிதர்க்குச் செவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும், அத்தேவையைப் போலிச் செவியும் எவ்வளவு எளிதாகக் கவர்ந்துவிடும் என்பதையும் வைசன்பாம் அன்றே உணர்ந்து அஞ்சினார்.

தொழில்நுட்பத்தை மனிதர் துணையோடு பயன்படுத்தினால் பயன் வேறாகும். 2010-ஆம் ஆண்டில், ஸ்கார்ஃப் நிறுவனத்தார் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பினர். அதனுள் ஒரு சிறு ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. மருத்துவர் சென்னையில் திரையின் முன் அமர்ந்து நோயாளரோடு பேசுவார். மருந்து பேருந்திலேயே வழங்கப்படும். உள்ளூரில் வாழும் களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிப்பார். வள்ளுவர் கூறிய நான்கும் இம்முறையில் பொருந்தி அமைந்தன.

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் பொது முடக்கம் தொடங்கிற்று. வெளி மாநிலங்களில் உழைத்து வாழ்ந்தோர் பட்ட இன்னலை நாம் மறக்கவில்லை. அதே நாளில் தொலை மருத்துவத்துக்கான முதல் தேசிய வழிகாட்டு நெறிகள் வெளியாயின. மருத்துவர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் வெளிப்படுத்துதல் வேண்டும். நோயாளரின் இசைவு வேண்டும். நேரில் காண வேண்டிய நிலையாயின் அதனைச் சொல்லி அனுப்புதல் வேண்டும். குறிப்பிட்ட சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதிக் கொடுத்தலாகாது என்று அவை வரையறுத்தன. செயற்கை அறிவு இயந்திரங்கள் மருத்துவர்க்குத் துணைபுரியலாமே ஒழிய, தாமே நோயாளர்க்கு ஆலோசனை வழங்கவோ மருந்து கூறவோ கூடாது என்றும் அந்நெறிகள் கூறின. எலைசாவின் கதையை அறிந்தவர்க்கு இவ்விதியின் காரணம் விளங்கும்.

2015-16 ஆண்டுகளில் பன்னிரண்டு மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அஃதாவது 10.6 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருந்தனர் என்று கண்டது. நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய மருத்துவம் பெறவில்லை. இப்பெரும் இடைவெளியை நிரப்பும் முயற்சியாக, 2022 அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, இந்திய அரசினர் 'டெலி மானஸ்' என்னும் பணியைத் தொடங்கினர். 14416 என்பது அதன் எண். 1800 891 4416 என்ற எண்ணும் உண்டு. கட்டணம் இல்லை; இரவும் பகலும் இயங்கும். தமிழ் உட்பட இருபது மொழிகளில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவையாயின் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ வழிகாட்டுவார். 2025-ஆம் ஆண்டுக்குள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்துள்ளன. இத்தனை பேர் அத்தனை நாளும் எங்கே சொல்வது என்றறியாது இருந்தனர் என்பதே இவ்வெண்ணின் பொருள்.

எச்சொல்லை நம்புவது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல்கள் சில. இணையத்தில் மனநலம் பற்றிய செய்தியோ ஆலோசனையோ எதிர்ப்படுமாயின், முதலில் சொல்பவர் யார் என்று நோக்குதல் வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவக் கழகத்தில் பதிவு பெற்றிருப்பார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருப்பார். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பன்று. நேர்மையானவர் மகிழ்ந்தே கூறுவர். 'ஆலோசகர்' என்னும் பெயரைப் பலரும் சூட்டிக்கொள்கின்றனர். அவரையும் பதிவு முறைக்குள் கொண்டுவர 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்துள்ளது.

இரண்டாவதாக, முழுக் குணத்துக்கு நாள் குறித்து உறுதி கூறுபவரையும், மருத்துவர் தந்த மருந்தை உடனே நிறுத்துக என்பவரையும் விட்டு விலகுதல் வேண்டும். மூன்றாவதாக, நம் செய்தி யாரிடம் போகிறது என வினவுதல் வேண்டும். மனநோயாளரின் செய்தியை இரகசியமாகக் காத்தல், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. நான்காவதாக, பத்துக் கேள்விக்கு விடை அளித்தால் நோய் இன்னதென்று கூறிவிடும் பட்டியல்களை முடிவாகக் கொள்ளலாகாது. அவை மருத்துவரைக் காணத் தூண்டும் அளவில் நல்லன, அதற்குமேல் இல்லை. ஐந்தாவதாக, நல்ல செய்தியின் இறுதியில் அவசர காலத்தில் எங்கே செல்வது என்பது கூறப்பட்டிருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் வேளையில், எக்கட்டுரையையும் படித்துக்கொண்டிராமல் 112-ஐ அழைத்தலும், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுதலும், அந்நபரைத் தனியே விடாதிருத்தலும் கடமை.

மொழியும் நான்காம் கூறும்

வெளி மாநிலத் தமிழர்க்கு மொழி தனிச் சிக்கல். மனத்துயரை நம் மக்கள் பெரும்பாலும் உடலின் மொழியில் சொல்வர். 'நெஞ்சை அடைக்கிறது', 'தலை பாரமாயிருக்கிறது', 'உடம்பெல்லாம் அசதி', 'ஒன்றும் பிடிக்கவில்லை' என்பர். இவற்றைச் சொல்லுக்குச் சொல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தால், மருத்துவர் இதயத்தையும் தலையையும் சோதிப்பார். மனத்தை வினவ மாட்டார். ஆகவே தமிழ் அறிந்த ஆலோசகரைத் தொலைபேசியில் பெறுவது வெறும் வசதியன்று. நோய் இன்னதென்று தெளிவதற்கே அது துணை.

மொழி தெரியாமையால் நேரும் கேடு இன்னும் பெரிது. மனநோயுற்று வீட்டை விட்டு வெளியேறி, இரயிலேறி, அயல் மாநிலத் தெருவில் அலைவோர் உளர். அவர் பேசும் அயல்மொழியைக் கேட்போர் பிதற்றல் என்றே கொள்ளக்கூடும். சென்னையில் 1993-ஆம் ஆண்டில் தோன்றிய 'பேன்யன்' என்னும் அமைப்பும், மும்பையில் மருத்துவர் பரத் வாட்வானி தொடங்கிய 'சிரத்தா' மறுவாழ்வு நிலையமும், இத்தகையோர்க்கு மருத்துவம் அளித்து, ஊரைக் கண்டறிந்து, குடும்பத்தோடு சேர்த்துள்ளன. வாட்வானி 2018-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். அலைந்து திரியும் மனநோயாளரைப் பாதுகாத்து மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் துறையின் கடமை எனச் சட்டமும் விதித்துள்ளது. உங்கள் நகரின் இரயில் நிலையத்தில் அத்தகைய ஒருவர் தமிழில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தால், அவர் ஊர்ப் பெயரை விளங்கிக்கொள்ளக்கூடியவர் அந்நகரில் நீங்கள் ஒருவராகவே இருத்தல் கூடும்.

தொலைவிலிருந்து வரும் குரல் நோய் தீர்ப்பவரை நம்மிடம் கொண்டுவரும். மருந்துக்கு வழி கூறும். நான்காம் கூறாகிய 'அருகிலிருப்பவரை' மட்டும் எக்கம்பியும் கொண்டுவருதல் இயலாது. ஊரில் அப்பணியைத் தாயும் உடன்பிறந்தாரும் செய்வர். டில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் பெங்களூரிலும் அதனைச் செய்ய வேண்டியவர் ஒரே அறையில் வாழும் நண்பரும், உடன் உழைப்பவரும், தமிழ்ச் சங்கத்தாருமே. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் விழா அழைப்பிதழுக்குப் பக்கத்தில் 14416 என்ற எண்ணையும் ஒட்டி வைக்கலாம். அந்நகரின் மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த மருத்துவர் யார் யார் என்று விசாரித்துக் குறித்து வைக்கலாம். தனித்திருக்கும் நண்பர் சில நாள்களாகப் பேச்சைக் குறைத்துவிட்டால், உணவு வேளையில் அவரை அழைத்து உடனிருத்தி, அவர் சொல்வதைக் குறுக்கிடாது கேட்கலாம். மருத்துவமனை வாயில் வரை உடன் சென்று, அவர் வெளியே வரும் வரை காத்திருக்கலாம். அமிர்தசரஸின் கூடாரங்களில் உற்றார் செய்த பணி இதுவே. ஊரை விட்டு வந்த நமக்கு, அக்கூடாரத்தில் இருக்க வேண்டியவர் நாமே ஒருவருக்கொருவர்.